காட்டுக்கு வாங்கிய சப்பாத்து

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள், அப்பாவும் அம்மாவும் சிங்கராஜக் காட்டைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று ஒரு சனிக்கிழமைக்கு ஏற்பாடு செய்தாள். வழிகாட்டி ஒருவர் காலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சாயந்தரம் திருப்பிக் கொண்டுவந்து விடுவாராம். "காட்டப் பாக்க ஆள் வேற வேணுமாக்கும்? பொறந்ததுல இருந்து காட்டுக்குள்ளதானே கெடக்கிறோம்" என்று போனில் கத்தினேன். கத்தினேனே ஒழிய, போனை வைத்த கையோடு பயணப் பை எங்கே என்று அலுமாரியைக் கலைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு ஆசை.

என் வீட்டுக்காரர் இரத்தினபுரிப் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். அதே தோட்டத்துத் தேயிலை மலையில் நான் இருபத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தேன், போன வருசம்தான் வேலையை விட்டு நின்றேன். அவருக்கு ஆறு வருசமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கால் விரல்கள் மரத்துப்போய், முள் குத்தினாலும் தெரியாது. "காலைக் கண்ணு மாதிரிப் பாத்துக்கணும், சின்னப் புண்ணுன்னாலும் உடனே கூட்டிட்டு வாங்க, விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்" என்று கிளினிக் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அன்றிலிருந்து சாயந்தரமானால் அவர் காலைத் தூக்கி மடியில் போட்டு விரல் விரலாகப் பார்ப்பது என் வேலை. "என்ன புள்ள, லாடம் அடிக்கப் போறியா?" என்று கேலி பண்ணுவார்.

வழிகாட்டி வாட்ஸ்அப்பில் சிங்களத்தில் ஒரு பட்டியல் அனுப்பினார். மழைச்சட்டை வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும், அட்டை ஏறாமல் முழங்கால் வரைக்கும் மேஸ் என்கிற துணிக் காலுறை வேண்டும். குடிக்கிற மருந்தை மறக்கக்கூடாது, உள்ள நோய் வருத்தத்தை மறைக்கக்கூடாது. புதுச் சப்பாத்து என்றால் ஒரு வாரமாவது போட்டு நடந்து பழக வேண்டும். மகள் அதற்கும் விடவில்லை, ஆளுக்கொரு சோடிச் சப்பாத்து வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டாள்.

பிறகு வீட்டில் ஒரே அமளி. கடை மேஸ் எதற்கு என்று மாவுச் சாக்குத் துணியை வெட்டி நானே தைத்தேன். சுகாதாரப் பரிசோதகரிடம் போய் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டிக் குடிக்கிற மாத்திரை கேட்டு வாங்கினேன். மலைக்குப் போகும்போது செய்கிற மாதிரி அட்டைக்குக் காலில் பூச சவர்க்காரமும் உப்பும் எடுத்து வைத்தேன். போனில் கேட்டால் வழிகாட்டி வேண்டாம் என்றுவிட்டார். ஓடையில் கரைந்தால் தவளைக்கு ஆகாதாம். "தவளைக்கே இவ்வளவு பாக்கிற மனுசன் நம்மளப் பாக்க மாட்டாரா?" என்று இவர் சிரித்தார். நடக்கும்போது சீனி இறங்கினால் வாயில் போட டொபி மிட்டாய் வாங்கிப் பையில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாதி இல்லை. "எறங்குச்சு, போட்டேன்" என்கிறார் இந்த மனுசன்! சட்டைப் பையில் டொபித் தாள் வேறு.

இந்தக் குதூகலத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் காலைக் காட்டவே இல்லை. ஒரு நாள் அசதி என்றார், ஒரு நாள் இப்பதான் கழுவினேன் என்றார். நானும் தையலில் இருந்தேன். நான் பாவி, விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம், தைத்த மேஸ் அளவு சரியா என்று பார்க்க வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவரின் காலைப் பிடித்து இழுத்தேன். பெருவிரலுக்குக் கீழே மஞ்சளாக என்னமோ ஒட்டியிருந்தது. வேலைத்தலத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால் என்று நினைத்து நகத்தால் உரித்தேன். உரித்த இடத்திலிருந்து சீழ் வழிந்தது. ஐயோ என்று அலறிவிட்டேன். அவருக்கு வலிக்கவே இல்லை, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

தோட்டத்தில் காயத்தைக் காட்டினால் வேலைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. அதனால் பால் வெட்டுகிறவர்கள் கத்தி பட்டாலும் சிரட்டையில் விரலை விட்டு, ஒரு சொட்டு ரப்பர் பாலை எடுத்துக் காயத்தில் பூசிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். காய்ந்தால் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். "பால் வெட்டுறவனுக்கு மரமே டிஸ்பென்சரி" என்பது அவர் பேச்சு. புதுச் சப்பாத்தைப் பழக்குகிறேன் என்று அதைப் போட்டுக்கொண்டு பால் வெட்டப் போயிருக்கிறார். சப்பாத்து கடித்திருக்கிறது. கடித்த புண்ணுக்குப் பாலைப் பூசி மூடி, அதற்கு மேல் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு வாரம் பூராவும் நடந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுசன்!

த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். வழி நெடுக ஏசினேன். "சனிக்கெழம போயிட்டு வந்து திங்கக்கெழம காட்டலாம்னு இருந்தேன்" என்றார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் புண்ணைக் கிண்டிப் பார்த்துவிட்டு, எலும்புக்கு இறங்கவில்லை, விரல் தப்பும் என்றார். இதோடு ஈரக் காட்டில் ஒரு நாள் நடந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். வார்டில் தங்கி நிற்கவேண்டும், காட்டுப் பயணம் இப்போதைக்குக் கிடையாது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மருந்து கட்ட வந்த நர்ஸ் மிஸ் ஒரு சிங்களப் பிள்ளை, எங்கள் மகள் வயசுதான் இருக்கும். இவ்வளவு பெரிய புண்ணை ஏன் மறைத்தீர்கள் என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டாள். அவரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார், என் பக்கம் பார்க்காமல்.

"இவ இருபத்தெட்டு வருசம் மலை ஏறி எறங்குனவ மிஸ். ஒரு நாளாவது முதுகுல கூடை இல்லாம, சும்மா கைய வீசிக்கிட்டு நடந்ததில்ல. நான் காலைக் காட்டியிருந்தா இவ போயிருக்க மாட்டா. வெரல் பத்து இருக்குதானே, ஒண்ணு போனாப் போகட்டும்னு நெனச்சேன்."

கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் என்னிடம் தமிழில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன்.

"காடு பாக்கணும்னு நான் எப்பங்க கேட்டேன்? அங்க என்ன எனக்கு நெல்லா வெளையுது, தேங்காயா காய்க்குது? ஒங்ககூட ஒரு நாள் சேந்து நடக்கலாம்னுதானே அப்படிப் பறந்தேன். நீங்க வெரலு இல்லாத காலோட கெடந்தா யாருகூட நான் நடக்கிறது?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா என்ன சொல்கிறார் என்று அவரிடம் கேட்டாள்.

"ஏசுறா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.