தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகள்

செடி வளர்ப்பதில் கெட்டிக்காரி என்று எங்கள் பிளாக்கில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது வாசலில் ஓர் அரளிகூட இல்லை. என் கணவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பொழுதெல்லாம் செடிகளோடுதான் கழிந்தது. முன்னால் மண்ணில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்தேன். பின்பக்கம் சிமெண்டுத் தரை. அங்கே பதினான்கு தொட்டிகளில் குண்டுமல்லி.

தை மாதம் இலையை உருவி, கிளைகளைப் பாதிக்கு வெட்டிவிடுவேன். பங்குனியில் பூக்க ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் மொட்டு வரும். ஆனால் இந்த ஊர் வெயிலில் தொட்டி மண் மதியத்துக்குள் காய்ந்துபோகும். அதற்காக ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தேன். வடிகிற தண்ணீர் அதில் நிற்கும். வேர் மெதுவாகக் குடித்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பக்கத்திலேயே காடாம்புலியூரில் பிறந்தவள். அவள் கணவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை. காண்ட்ராக்டில் பல வருஷம் இருந்து, அப்போதுதான் பெர்மனண்ட் ஆகியிருந்தார். மூன்று வயதில் ஒரு மகள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் வேலியோரம் வந்து நின்று என்னோடு பேசுவாள்.

ஒரு ஆவணியில் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினோம். பத்து நாள் பயணம்.

"நாங்க இல்லாதப்போ மொட்டெல்லாம் வீணாப் போயிரும். சாயங்காலம் வந்து பறிச்சுக்கோ," என்றேன்.

"தண்ணி ஊத்தணுமாக்கா?"

"வேண்டாம். தட்டு நிறைய ஊத்திட்டுத்தான் போறேன்."

"நீங்க வர்றதுக்குள்ள செடிக்கே மொட்டை போட்டு வச்சிருப்பன் பாருங்க," என்று சிரித்தாள்.

பதினான்கு தட்டுகளையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டு வீட்டைப் பூட்டினேன்.

நடுவில் ஒரு மழையும் பெய்ததாம்; திரும்பி வந்தபோது செடிகள் வாடாமல் இருந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் போயிருக்கும், அவளுக்குக் காய்ச்சல் என்றார்கள். என் கணவர் பப்பாளி இலை பறித்துவர, நான் சாறு பிழிந்து கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்று தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை.

மறுநாள் கொசு ஒழிக்கும் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். அவர்களில் பின்பக்கம் போன பெண் ஒரு தட்டிலிருந்து தண்ணீரைக் கரண்டியில் எடுத்து டார்ச் அடித்துக் காட்டினாள். நூல் துண்டு மாதிரி புழுக்கள் துடித்துக்கொண்டிருந்தன.

"யாருங்க இதை வச்சது?"

"நான்தான்."

நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவர், பையைப் பிடித்தபடி கரண்டியையே பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

"பிளாக் முழுக்கத் தண்ணி நின்னுச்சு. மொட்டை மாடில பழைய டயரு கெடந்துச்சு, மூடாத டேங்க் ரெண்டு. உன் தட்டுதான்னு எப்படிச் சொல்லுவ?" என்றார் என் கணவர். அவர் சொன்னது நிஜம். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் நானும் பார்த்தேன். ஆனால் பத்துச் சாயங்காலம் டயர் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை.

காரியத்தன்று காலையில் அவளுடைய அக்கா வேலியோரம் வந்தாள்.

"படத்துக்கு வைக்கக் கொஞ்சம் பூ வேணுங்க."

செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பறித்துக் கூடையில் போட்டேன். கொடுக்கும்போது அடக்க முடியவில்லை. "என் தட்டுலதான் புழு இருந்துச்சு," என்றேன். அவள் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன். அது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"தெரியுங்க. அவ வூட்டுக்காரரும் அதையேதான் சொல்லிக்கினு இருக்காரு," என்று கூடையை வாங்கினாள். "குழந்த அழுவுது, நான் வரேன்."

அன்றைக்கே தட்டுகளை எடுத்துப் போட்டேன். மல்லிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். உடனே பிடுங்கி எறிந்திருக்கலாம். ஏனோ காய்ந்து சாகட்டும் என்று விட்டேன். அந்த வருஷம் பருவமழையும் தள்ளிப்போனது. இலைகள் முதலில் சுருண்டன, பிறகு உதிர்ந்தன. குச்சியை ஒடித்தால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று தினமும் பார்ப்பேன். தெரிந்தால் கோபம் வரும். மூன்று வாரம் கழித்துப் பதினான்கும் சுள்ளியாகிவிட்டன. என் கணவர் தொட்டிகளை அள்ளிக்கொண்டு போய் எங்கோ போட்டுவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவள் கணவரும் மகளும் வேறு பிளாக்குக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

போன வருஷம் காய்கறி மார்க்கெட்டில் அவள் கணவரைப் பார்த்தேன். மகள் வளர்ந்திருந்தாள். பள்ளிச் சீருடையில் அவர் விரலைப் பிடித்து நின்றாள். தப்பிக்க இடமில்லாமல் நேருக்கு நேர் வந்துவிட்டோம்.

"சார் நல்லாருக்காருங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க," என்றேன்.

"யாருப்பா இவங்க?" என்றாள் மகள்.

"முன்ன பக்கத்து வூட்டுல இருந்தவங்க," என்றார். தக்காளி எடை போடச் சொல்லிக் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.