உப்புத் தண்ணி என்றால் எந்தத் தண்ணி?

எங்கள் பட்டறையின் முன்னறைக்கு அந்தப் பெரிய கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிய காலை, ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கிருஷ்ணகிரி டேமுக்குப் போனா சுடச்சுட பொரிச்சே குடுக்கறாங்க, இங்க எதுக்குண்ணா மீனு?" என்று ஒருவன் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் என் பார்ட்னர் நாற்காலியில் இருந்தபடியே, "அது தின்ற மீனு, இது பாக்கற மீனு. போயி பஸ்ஸப் புடி" என்றார். பக்கவாதம் வந்து வாய் ஒருபக்கம் இழுத்திருந்த நேரம் அது. வார்த்தைதான் குழறியது, குத்தல் குழறவில்லை.

நான் பர்கூர்ப் பக்கம் கல் உடைத்த வீட்டில் பிறந்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் சரி. ஓசூருக்கு வந்து, அடுத்தவன் லேத்துக்கு எண்ணெய் விட்ட இதே கையால் சொந்தப் பட்டறை வைத்தேன். என் பக்கத்தில் துணிந்து நின்ற ஒரே ஆள் பார்ட்னர், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். கடைசிவரை அவர் என்னையும் நான் அவரையும் "பார்ட்னர்" என்றே கூப்பிட்டுக்கொண்டோம். வலது கையும் காலும் விழுந்த பிறகு அவரால் மெஷினில் நிற்க முடியவில்லை. பெங்களூரில் பழைய கார் வாங்கி விற்கும் அவர் மகன், "அப்பா எங்க ஃப்ளாட்ல வந்து சும்மா இருக்கட்டும் மாமா" என்றான். சும்மா இருக்கிற ஆளா அவர்? பட்டறைக்கு வந்துபோக அவருக்கு ஒரு வேலை வேண்டும். எப்போதோ ஒரு ஓட்டலில் பார்த்த, உயிருள்ள பவளமும் கடல்மீனும் வளர்க்கிற பவளத் தொட்டி நினைவுக்கு வந்தது. மீன் கடைக்காரன் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "இது கஷ்டம் பெரியவரே, தங்கமீன் வைங்க" என்றான். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். தொட்டி வந்தது, முன்னறைச் சாவி பார்ட்னரின் இடது கைக்குப் போனது.

இப்போது பலர் தொட்டி வைக்க வேண்டும் என்று என்னிடம் வழி கேட்டு வருகிறார்கள். கடலே இல்லாத ஊரில் பவளம் வளர்த்துக் காட்டியவன் நான், என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள்? முதலில் அவசரத்தைக் கழற்றி வெளியே வையுங்கள். சமையல் உப்பு ஆகாது. இதற்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைத்து, கல்லை அடுக்கி, பம்பை ஓட விட்டு, மீனே இல்லாமல் காத்திருக்க வேண்டும். "வெறும் கல்லுக்கு லைட்டு போட்டு ரெண்டு கெழவனுங்க உக்காந்திருக்கீங்களே" என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கிருமிகள் அந்தக் கல்லில்தான் குடியேற வேண்டும். அவை வருவதற்கு முன்னால் மீனை விட்டால் அந்த மீன் செத்ததுதான். பித்தளையும் செம்பும் தண்ணீரில் படவே கூடாது, பவளத்துக்கு அது விஷம். லேத் வைத்திருப்பவனுக்கு இது பெரிய சோதனை. பளபளவென்று ஒரு வால்வு கடைந்து மாட்டக் கை அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் பட்ட கையோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். கரண்ட் போனால் பம்பு நிற்காமல் ஓட பேட்டரி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்பு குறைவதில்லை, தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது. அதனால் ஊற்றி நிரப்ப வேண்டியது உப்பே இல்லாத, நன்றாக வடிகட்டிய தண்ணீர்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்கள் வண்டி கவிழப் பார்த்தது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. தீனி போடுவதும் கண்ணாடி துடைப்பதும் பார்ட்னர் வேலை. மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போன நான், "தண்ணி எறங்குனா ஊத்திடு பார்ட்னர்" என்று போனில் சொன்னேன். எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீருக்கு நல்ல தண்ணி என்று பேர். ஆழத்துளை போட்டு எடுக்கிற போர் தண்ணீருக்கு உப்புத் தண்ணி. பார்ட்னர் யோசித்திருக்கிறார்: இது உப்புத் தண்ணித் தொட்டி, இதில் இருப்பது உப்புத் தண்ணி மீன். பட்டறைப் பின்பக்கத்துப் போர் குழாய்க்குப் போய், விழுந்த காலை இழுத்து இழுத்து, நல்ல கையால் போர் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து தினமும் ஊற்றியிருக்கிறார். போர் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று போர் போட்டவனுக்கே தெரியாது. நான் திரும்பி வந்தபோது விரிந்து ஆடிய பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. ஒன்று வெளுத்தே போயிருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மகன் காரில் வந்து இறங்கினான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என்னிடம், "இதுக்குத்தான் மாமா சொன்னேன். அவருக்கு மூள பழைய மாதிரி இல்ல. இன்னிக்குப் போர் தண்ணிய ஊத்துறாரு, நாளைக்கு கேஸத் தொறந்து வுட்டாருன்னா? சாவிய நீங்களே வாங்கிக்குங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றான். பார்ட்னர் இடது கையில் இருந்த சாவியை மடிக்குள் இழுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாவியைக் கொடுத்திருந்தால் அவர் மறுபடி பட்டறை வாசலை மிதித்திருக்க மாட்டார். அவருக்கும் அது தெரியும்.

நான் கத்தவில்லை. "சரி தம்பி, கூட்டிட்டுப் போ. பட்டினியா போவாத, இட்லி வாங்கி வெச்சிருக்கேன். நல்ல தண்ணியத் தொடாத, உப்புத் தண்ணியில கை கழுவிட்டு வா" என்றேன். அவன் நேராகப் பின்பக்கத்துப் போர் குழாய்க்குப் போனான். கையை உதறிக்கொண்டு வந்தான்.

"எதுல கழுவுன?"

"உப்புத் தண்ணியிலதான் மாமா. நீங்கதான சொன்னீங்க?"

"உப்புத் தண்ணிதான் இங்க தொட்டி நெறைய நிக்குதே. இதுல ஏன்டா கழுவல?"

அவன் தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் சிரிப்பதற்கு முன்னாலேயே பார்ட்னர் சிரித்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. "உங்கப்பன் பண்ணதும் இதேதான். உனக்கும் மூள போயிடுச்சா? நம்ம ஊர்ப் பேச்சுதான்டா மாட்டி வுட்டுச்சு. இந்த ஊர்ல பொறந்த எவனும் அதத்தான் ஊத்துவான்" என்றேன். மகன் இட்லியைப் பிட்டுக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான்.

பார்ட்னர் எழுந்தார். "கெடுத்தவன் நான்தான, நான்தான் மாத்துவேன். கடலுப்ப எடு பார்ட்னரு" என்றார். கெட்ட தண்ணீரை இறைத்துவிட்டு, உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை அவரே ஊற்ற ஆரம்பித்தார். மகன் வாளியைப் பிடிக்கக் கை நீட்டியபோது, "நகுருடா" என்று ஒரே சொல். அவன் தனியாகத்தான் காரில் பெங்களூருக்குத் திரும்பினான். வெளுத்த பவளம் பிழைக்கவில்லை. மற்றதெல்லாம் மெல்ல மெல்ல விரிந்தது. பார்ட்னரைப் பட்டறையிலிருந்து நிறுத்தியது சாவு ஒன்றுதான். அதுவும் அன்றைய தீனியைப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்துதான் கூட்டிக்கொண்டு போனது.