வணக்கம் சொன்ன புரோகிராம்

கழற்றிப் போட்ட செருப்புகளின் வாசனை. வெயிலில் வெந்த ரப்பர், ஈரம் காயாத சாக்ஸ், அதற்கு மேலே யாரோ மனசாட்சி உறுத்தித் தெளித்த ஃபினாயில். போன மாதம் ஒரு கல்லூரி அரங்கின் வாசலில் அது என் மூக்கைப் பிடித்து நிறுத்தியது. உள்ளே புதுக் கம்பளம், அதனால் செருப்பு வெளியே. ஆன்லைன் புரோகிராமிங் போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு அறிவுரை சொல்லுங்கள் மேடம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு காலில் செருப்போடு நின்றேன். நானா? அறிவுரையா?

மைசூரில் நான் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது தொண்ணூறுகள் முடியப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மெஷினுக்குத் தூசி ஆகாது, நாற்பது பேர் சாக்ஸ் ஆகும். உள்ளே ஏ.சி. குளிர். அது எங்களுக்கு இல்லை, மெஷினுக்கு. நாங்கள் அந்தக் குளிரில் திருட்டுத்தனமாக வாழ்ந்தோம்.

லெக்சரர் எங்களுக்குக் கணக்கைவிட மரியாதையைத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார். புரோகிராமின் முதல் வேலை திரையைத் துடைப்பது. பிறகு நட்சத்திரக் குறிகளால் ஒரு வரிசை, கோலம் மாதிரி. பிறகு நல்வரவு. பிறகு, தயவுசெய்து எண்ணைக் கொடுங்கள். கடைசியில் நன்றி. நடுவில் வரும் விடை தப்பாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். நன்றி சொல்லாவிட்டால் மார்க் போய்விடும். ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். வழி கேட்டால் உட்கார வைத்து, காபி கொடுத்து, சௌக்கியம் விசாரித்து, அப்புறம் தப்பான வழியைச் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் புரோகிராம்கள் அசல் மைசூர்ப் பிரஜைகள்.

நான் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். கான்வென்ட் இங்கிலீஷ், வேகமான விரல், அதைவிட வேகமான வாய். வகுப்பில் எனக்கு அனுபவசாலி என்று பெயர். முந்தின வருடம் ஒரு ஆன்லைன் போட்டிக்கு மூன்று புரோகிராம் அனுப்பி, மூன்றும் தவறு என்று பதில் வாங்கியிருந்தேன். பூஜ்யம்தான். ஆனால் வெளிநாட்டுப் பூஜ்யம்; வகுப்பில் வேறு யாரிடமும் கிடையாது. அந்தத் தகுதியில், புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு யோசனைகள் என்று இரண்டு பக்கம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். எளிதான கேள்வியை முதலில் எடு. கேள்வியை இரண்டு முறை படித்து நேரத்தை வீணாக்காதே. ராகுகாலத்தில் மெயில் அனுப்பாதே. எந்த நாட்டு ராகுகாலம் என்று கீழே யாரோ பென்சிலில் கேட்டிருந்தார்கள். போட்டி நடத்துகிற நாட்டினுடையது என்று நானும் பதில் எழுதினேன். வெட்கமே இல்லை எனக்கு.

அந்த நோட்டீஸைக் கடைசி வரி வரை படித்தவள் என் பெஞ்சுக்காரி ஒருத்திதான். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், இங்கிலீஷ் அகராதியில். நான் ஒரு கேள்வித்தாளை மேய்ந்து முடிக்கும்போது அவள் மூன்றாவது வரியில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பாள். விரல் நகர்கிறதா என்று நான் குனிந்து பார்ப்பேன். பக்கத்து பெஞ்சு சிரிக்கும். அவள் நான்காவது வரிக்குப் போவாள்.

பரீட்சை முடிந்த வாரம். அவள் நோட்டுக்குள் இரண்டு விண்ணப்ப ஃபாரம் இருந்தன. ஒன்று எம்.சி.ஏ., இன்னொன்று பி.எட். வீட்டுக்கு பி.எட். பிடித்திருந்தது, அவளுக்கு எம்.சி.ஏ. ஆனால் தனக்கு அது வருமா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு போட்டி அறிவித்தார்கள். இணையப் பக்கத்தில் கேள்விகள் இருக்கும். எழுதின புரோகிராமை மெயிலில் அனுப்ப வேண்டும். எங்கோ ஒரு மெஷின் அதை ஓட்டிப் பார்த்து மறுநாள் பதில் போடும். ஒரு கேள்விக்கு ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம்.

“என்னையப் பாக்காம, ஊரு பேரு கேக்காம, ஒரு மெசின் சரின்னு சொல்லோணும் புள்ள,” என்றாள். “சொல்லிருச்சுன்னா எம்.சி.ஏ. இல்லீன்னா டீச்சர் வேலைக்கே போயர்றேன்.”

அவள் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி. சதுரங்கப் பலகையில் ஒரு குதிரை. சில கட்டங்கள் அடைபட்டிருக்கும். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக அதற்குக் குறைந்தது எத்தனை தாவல்? அவள் சதுரங்கமே ஆடியதில்லை. இரண்டு கட்டம் நேராக, ஒன்று பக்கவாட்டில் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் வாழ்நாள் அறிவுரைகளில் உருப்படியானது அந்த ஒன்று. குதிரை நிற்கிற இடத்தில் பூஜ்யம் போட்டாள். ஒரே தாவலில் எட்டுகிற கட்டங்களிலெல்லாம் ஒன்று. அங்கிருந்து எட்டுகிறவற்றில் இரண்டு. குளத்தில் விழுந்த கல்லைச் சுற்றி வளையம் விரிகிற மாதிரி எண்கள் விரிந்து, எதிர் மூலையில் போய் ஆறு என்று கரையேறின. நான் என் குதிரையைக் கண்டபடி ஓடவிட்டு அது தற்செயலாகப் போய்ச் சேரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். இன்னும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

போட்டியின் கடைசி நாள், சரஸ்வதிபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். ஆறரைக்கு ஹாஸ்டல் கேட் மூடிவிடுவார்கள். லைன் கிடைக்கவே ஆறு மணியாகிவிட்டது. அவள் நோட்டை என்னிடம் கொடுத்து, இதை அப்படியே அடித்து அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அடித்தேன். படித்துப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. கோலம் இல்லை, நல்வரவு இல்லை, தயவுசெய்து இல்லை. எண்ணை வாங்குகிறது, எண்ணைக் கொடுக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பாவம், கிராமத்துப் பெண், நாசூக்கு தெரியவில்லை என்று நினைத்தேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. என் கைப்பட நாலு வரி சேர்த்தேன். நட்சத்திரம், நல்வரவு, தயவுசெய்து, நன்றி. அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு மசால் தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. இரண்டே சொல். தவறான விடை. அந்த இரண்டு சொல்லையும் அவள் விரல் வைத்துத்தான் படித்தாள்.

அழவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. எங்கேயோ ஒரு தாவலைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்றாள். அன்றிலிருந்து நோட்டு முழுக்கப் பலகை பலகையாக வரைந்து அந்தத் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாப் பலகையிலும் ஆறுதான் வந்தது. அவள் இல்லாத தப்பைத் தேடினாள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதிலும் நான் அனுபவசாலி.

வெள்ளிக்கிழமை, போட்டிக்காரர்கள் தங்கள் சோதனை எண்களையும் சரியான விடைகளையும் வெளியிட்டார்கள். அவள் புரோகிராமில் அந்த எண்களைப் போட்டு ஓட்டினேன். ஒவ்வொரு விடையும் பொருந்தியது. ஆனால் அவர்கள் விடைத்தாளில் வெறும் எண்கள். என்னுடையதில் நட்சத்திரம், நல்வரவு, தயவுசெய்து, எண், நன்றி. கேள்வியின் கடைசி வரியை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். எண்ணைத் தவிர வேறு எதையும் அச்சிடக் கூடாது. அகராதி வைத்துப் படித்தவள் அந்த வரி வரை போயிருந்தாள். கான்வென்ட் இங்கிலீஷ் அதற்குள் புரிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சனிக்கிழமை தலைவலி என்று வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பி.எட்.டும் நல்ல படிப்புதானே என்று எனக்கே விளக்கினேன். திங்கட்கிழமை ஹாஸ்டலைக் காலி செய்து அவள் ஊருக்குக் கிளம்பினாள். மறுநாள் எம்.சி.ஏ. ஃபாரத்துக்குக் கடைசி நாள்.

பஸ் ஸ்டாண்டில் கொள்ளேகால் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. மதிய வெயிலில் தகரம் கொதித்தது. நான் கீழே நின்று வண்டியைப் பற்றி, வெயிலைப் பற்றி, கொள்ளேகாலில் மார்டள்ளி பஸ் கிடைக்குமா என்பதைப் பற்றிப் பேசினேன். டிரைவர் ஏறினார். அப்போதுதான் வாய் வந்தது.

“உன் புரோகிராம் சரிதான்டி. நான் அதுல நாலு வரி சேர்த்தேன். அதான் தப்புன்னு வந்துடுச்சு.”

என்ன வரி என்று கேட்டாள். சொன்னேன்.

“மெசினுக்கு நன்றி சொன்னியா?”

“ஆமா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எப்பத் தெரியும் உனக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விரல் வைத்துப் படிக்கிற பார்வை. பிறகு குனிந்து பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். எம்.சி.ஏ. எல்லாக் கட்டத்தையும் எப்போதோ நிரப்பி வைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் இல்லை. முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வண்டி உறுமிய உறுமலில் கடைசி எழுத்து கொஞ்சம் வழுக்கியது. ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினாள். வண்டி நகர ஆரம்பித்தது. நானும் கூடவே நடந்தேன்.

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல குடுத்துரு,” என்றாள். “நீயா ஒரு எழுத்துச் சேத்தாத புள்ள.”