வாராவாரம் மலைக்கோயில் போன கதை

கட்டிலில் விழுந்தால் முதுகில் இன்னொருவனின் உடம்புச் சூடு தெரியும்...

ஓசூரில் நாங்கள் இருந்த ரூம் அப்படி. நைட் ஷிப்ட் முடித்து நான் உள்ளே வரும்போது, ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்ப செல்வம் எழுந்திருப்பான். அவன் எழுந்த இடத்தில் நான் படுத்துக்கொள்வேன். தலையணையில் அவன் தேங்காய் எண்ணெய், போர்வையில் கம்பெனி மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட் வாசனை. இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்கள் பாதிப் பேர் அப்படித்தான் காலம் தள்ளினோம்.

அந்த மாதிரி ரூமில் எதையும் ஒளிக்க முடியாது. நான் ஒன்றை ஒளித்தேன்... மாத்திரை.

வந்த முதல் வருஷமே எனக்கு மனசு சரியில்லாமல் போனது. தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் கம்பெனி பாத்ரூமில் நின்று அழுவேன். கடைசியில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. ரூமில் டைஃபாய்டு என்று சொல்லி வைத்தேன். பைத்தியத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஊரில் தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை கசிந்தால் போதும், அவள் கல்யாணம் நின்றுவிடும்.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கவுன்சலராக இருந்த மாலதி அக்காதான் என்னை மீட்டது. வேப்பனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நான் தேறிய பிறகும் என்னை விடவில்லை.

"ஞாயித்துக்கெழமல வாப்பா. புதுசா வர்ற பசங்கோ கூட உக்காந்து பேசு. டாக்டர் சொன்னா பயந்துக்கிறாங்கோ. பட்டவன் சொன்னா நம்புவாங்கோ."

போனேன். ரூமில் மட்டும் "மலைக்கோயிலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு! திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் விபூதிப் பாக்கெட் வாங்கிக்கொள்வேன். செல்வம் பக்தியாக வாங்கிப் பூசிக்கொள்வான். அவனுக்கு வேலை பெர்மனென்ட் ஆனபோது என் விபூதி ராசி என்று ரூமே பேசியது. எனக்குச் சிரிப்பும் வரும், கூச்சமும் வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை...

பெஞ்சில் முத்துக்குமார் உட்கார்ந்திருந்தான். எங்கள் சாத்தூர்ப் பக்கம், எங்கள் தெருவே. பிளாஸ்டிக் கம்பெனிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவனைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"உங்க ஊருப் பையன்பா. மாத்திர வேணாம்னு அடம் புடிக்கிறான். நேத்து ஹைவேல லாரிக்கு முன்னால போய் நின்னுட்டானாம். டிரைவர் பிரேக் போட்டதால பொழச்சான். நீ பேசு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் என்னையே பார்த்தான்.

"அண்ணே, நீங்க எங்க இங்க?"

"சும்மாடா... சோஷியல் சர்வீஸ்."

வாய் கூசாமல் வந்தது. அப்புறம் அக்கா மாதிரியே பேசினேன். இதுவும் காய்ச்சல் மாதிரிதான், மாத்திரை போட்டால் சரியாகிவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை... அவன் தலையே நிமிரவில்லை. கடைசியில், "நான் ஊருக்கும் போகல, இங்கயும் இருக்கல. விட்ருங்கண்ணே" என்று எழுந்தான்.

அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்துவிட்டேன்.

"டேய்... நானும் போடுறேன்டா. ஒரு வருஷமா."

காது சுட்டது. தங்கச்சி கல்யாணம் அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அவன் நிதானமாக உட்கார்ந்தான்.

"தெரியும்ணே."

"யாருடா சொன்னது?"

"உங்கம்மாதான். எங்கம்மா அழுதுக்கிட்டு இருந்தப்ப வந்தாக. 'எம்மவனும் இப்படித்தான் கெடந்தான், அவன் கூட்டாளி செல்வம் போன் போட்டுச் சொன்னான். ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்குப் போய்த்தான் எந்திரிச்சான். ஒம்பையனையும் அங்க போகச் சொல்லு'ன்னாக. எனக்குத் தெரியும்னு அவன்ட்ட சொல்லிராத, கூசிப்போயிருவான்னும் சொன்னாகளாம்."

பிடித்த கையை அப்போதுதான் விட்டேன்.

"தெரிஞ்சுதான் எங்க இங்கன்னு கேட்டேன். நீங்க சோஷியல் சர்வீஸ்னு சொன்னீகள்ல... அப்ப இது நெசமாவே வெளிய சொல்லக் கூடாத கேவலம்தான் போலன்னு நெனச்சுட்டேண்ணே."

அந்த வார்த்தை இன்றைக்கும் சுடுகிறது. பையன் லாரியிலிருந்து தப்பி வந்திருக்கிறான். என் கௌரவம் அவனைத் திரும்ப ரோட்டுக்கே அனுப்பியிருக்கும்.

மாத்திரை வாங்கிக்கொண்டான். பிழைத்தான். இப்போது சாத்தூரில் கடை வைத்திருக்கிறான், என்னைவிடக் குண்டாக இருக்கிறான். தங்கச்சி கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. செல்வம்? எல்லாம் தெரிந்துகொண்டேதான் வாராவாரம் என் விபூதியைப் பூசியிருக்கிறான், படுபாவி!

அம்மாவை நினைத்தால்தான்... எஸ்.டி.டி. பூத்தில் நான் பேசும்போது, மற்ற அம்மாக்கள் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். என் அம்மா தூக்கம் வந்துச்சாய்யா என்று கேட்பார். ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊரிடம் என்னைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னொருத்தி பிள்ளையைக் காப்பாற்ற அம்மா வாயைத் திறந்திருக்கிறார், அதுவும் மகள் கல்யாணத்தைப் பணயம் வைத்து.

இப்போது காலம் மாறிவிட்டது. கம்பெனி கேன்டீனில் மனநலப் போஸ்டர், இந்தியிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். பத்தாவது படிக்கும் என் மகள், ஸ்கூல் கவுன்சலரிடம் பேசியதை ஜலதோஷத்துக்கு மருந்து வாங்கியதுபோல் சாதாரணமாகச் சொல்கிறாள். பொறாமையாக இருக்கிறது.

எனக்கு மூன்று வருஷமாக மறுபடியும் மாத்திரை. பி.பி. மாத்திரையை எல்லார் முன்னாலும் போடுகிறேன். இதை மட்டும் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

போன பொங்கலுக்கு ஊரில், இந்த முறை அம்மா எதிரிலேயே போட்டுவிடுவது என்று முடிவு செய்து எடுத்தேன். அடுப்படியிலிருந்து அவர் வரும் சத்தம் கேட்டது. கை தானாக மூடிக்கொண்டது.

அம்மா பார்த்தார்.

சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் விழுங்கி முடிக்கும்வரை, வாசலில் யாரோ வந்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.