பதினோரு பக்கமும் அரைப் பக்கமும்

பயோடேட்டா அடித்துக் கொடுப்பவன் பாடு மத்தளம்தான்: வெட்டினால் கொண்டுவந்தவருக்குக் கோபம், வெட்டாவிட்டால் வேலை தருகிறவருக்குக் கோபம். தலைநகரில், ஆர்.கே.புரம் மார்க்கெட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. அதுதான் என் கடை. நான் எட்டாவதோடு நின்றவன். என்னைப் போலப் பாதியில் நின்றவர்கள் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து பல்லைக் கடிக்கலாம்.

எறும்பு எழுத்து

ரிட்டயரான அதிகாரி ஒருவர் வந்தார். ஏதோ ஒரு ஆபீஸில் ஆலோசகராகச் சேர ஆசை. அவர்கள் கேட்டது இரண்டு பக்கம். இவர் எழுதிக்கொண்டு வந்தது பதினோரு பக்கம். எந்தத் தேதியில் எந்த செக்ஷன், எந்த உத்தரவு நம்பரில் மாற்றல், எல்லாம் இருந்தது. என்ன வேலை செய்தார் என்பது மட்டும் இல்லை.

எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் அவர் ஆபீஸில் பியூன் வேலைக்கு நான் கொடுத்த காகிதத்தின் முதல் வரி, எட்டாம் வகுப்பு. மூன்று வருஷம் தபால் பிரித்த அனுபவம் அதற்குக் கீழே இருந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"உத்தரவு நம்பரை எடுத்துடலாமா சார்?" என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தை எறும்பு மாதிரிச் சிறிதாக்கி இரண்டு பக்கத்தில் அடைக்கச் சொன்னார். நானும் அடைத்தேன். அவர் சொன்ன காரணம் இது: "ஏம்ப்பா, நம்பரை எடுத்தா நான் வேலை பார்த்தேன்னு எவன் நம்புவான்?"

காலிக் கட்டம்

அவர் பெஞ்சில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்வி ஓடி வந்தாள். வீடுகளில் சமைப்பவள். ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை காலி. பன்னிரண்டு மணிக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும். அங்கே தங்க அறை உண்டு. அவளுக்கு அதுதான் பெரிது. அவள் குடிசைக்கு இடிப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

"ஜல்தி அண்ணே! நாலஞ்சு பக்கம் போடுங்க, அப்பத்தான் மதிப்பாங்க."

என் கம்ப்யூட்டரில் இருக்கும் மாதிரியில் பெயருக்கு அடுத்தது படிப்புக் கட்டம். அவளுக்கு அது காலி. கை அங்கேயே நின்றுவிட்டது. அதைத் தூக்கிக் கடைசிக்குக் கொண்டுபோனேன். முதல் வரியில், கட்டட வேலை நடந்த இடத்தில் ஆறு வருஷம் தினமும் அறுபது பேருக்குச் சமைத்ததைப் போட்டேன். அரைப் பக்கத்தில் முடிந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "படிப்பு மேலே வரணும்ப்பா. அதுதான் முறை."

மாற்றினால் முதல் வரியிலேயே கவிழ்த்து வைப்பார்கள். மாற்றாவிட்டால், முறை தெரியாதவன் அடித்தது என்று தூக்கிப் போட்டுவிட்டால்? மணி பதினொன்றரை. செல்வி பிரிண்டரிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் படிச்சதையா சார் அவங்க சாப்பிடப் போறாங்க?"

நாலு நாள்

நாலு நாள் அவளிடமிருந்து பேச்சில்லை. போன் அடித்தால் எழுந்தேன், அடிக்காவிட்டாலும் எழுந்தேன். ஒரு பெண்ணின் கூரையை என் வீம்புக்குப் பணயம் வைத்துவிட்டேனோ? அதைவிட, அந்த மனுஷன் சொன்னதே சரியாகிவிடுமோ என்பதுதான் உறுத்தியது.

ஐந்தாம் நாள் செல்வி வந்தாள். கையில் அறைச் சாவி. "ரெண்டு வரி படிச்சதுமே அந்த மேடம், அச்சா, சாம்பார் வெச்சுக் காட்டுன்னுட்டாங்க அண்ணே. படிப்புக்கு வரவேயில்ல!"

மறுபடி அதே பெஞ்சு

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். அந்த ஆபீஸிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை. எறும்பு எழுத்தை யாரும் படித்த மாதிரியும் தெரியவில்லை. செல்விக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தம்மாவுக்கு அடிச்சியே, அதே மாதிரி எனக்கும் அரைப் பக்கத்துல அடிச்சுக் குடுத்துடுப்பா."

அடித்துக் கொடுத்தேன். உத்தரவு நம்பர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், அவருக்கு அரைப் பக்கமே கொஞ்சம் அதிகம்தான்.