அம்மா பார்க்காத வீடு

புது வீட்டில் பால் காய்ச்சிய காலையில் நைனா இருந்தார், அத்தை இருந்தாள், நானும் தங்கையும் இருந்தோம். அம்மா இல்லை. அவளுக்கு அப்போது ஐந்து மாதம்.

"மாசமா கீறவ புது வூட்டு வாசப்படியத் தாண்டக் கூடாது. புள்ள பொறக்கட்டும், அப்பால வரட்டும்" என்று நைனாவின் அக்காவான அத்தை சொல்லிவிட்டாள். அதுவரை காத்திருக்கவும் வழியில்லை. டிராம் பட்டறைத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டிய வீடுகள் அவை. சொன்ன மாதத்துக்குள் குடிவராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் அம்மா மயிலாப்பூரில் நாங்கள் இருந்த ஒற்றை அறையிலேயே தன் தங்கையோடு தங்கினாள். எங்களுக்குச் சமைத்துப் போட அத்தை வந்தாள்.

அடையாற்றுக்குத் தெற்கே, நெல்வயல் நடுவில் முப்பது ஓட்டு வீடுகள். தெரு வரவேண்டிய இடத்தில் வரப்புதான் இருந்தது. மழை பெய்தால் கூடத்துக்குள் நண்டு வரும். தங்கை அலறுவாள், நான் முறத்தால் அள்ளி வெளியே விடுவேன். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பேன். அன்றுதான் நைனா எங்களைப் பாலம் தாண்டி அழைத்துப் போவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மா என்னைப் பலகையில் வீட்டை வரையச் சொல்வாள். கோடுகள் அழிந்துவிடாமல் விரலைச் சற்றுத் தூக்கியே காட்டிக் கேட்பாள்.

"இது இன்னாடா?"

"சமையக்கட்டு."

"இம்மாம் பெருசா?"

"மெய்யாலுமே."

நைனா சிரித்தார். "உன் புள்ள பங்களாவே கட்டிக்கினு வந்துட்டான். அவன் பேச்ச நம்பாதே."

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் வேலியோரம் நின்று அத்தையைக் கேட்டாள்: "எம் மருமவளும் மாசமாத்தான் இங்க வந்தா. அவளுக்கு இன்னா ஆய்ப்போச்சு?"

"உங்க வழக்கம் உங்களுக்கு, எங்க வழக்கம் எங்களுக்கு" என்று அத்தை உள்ளே வந்துவிட்டாள். நைனாவும் அங்கேதான் இருந்தார். அவள் பின்னாலேயே உள்ளே வந்தார்.

எட்டாம் மாதத்தில் அம்மா அவரிடம் கெஞ்சினாள். "உள்ள வர்ல. தெருவுல நின்னு ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னும் ஒரு மாசந்தானே. உன் வூடு எங்கியும் ஓடிப்பூடாது" என்றார் நைனா.

பிரசவத்தில் அம்மாவும் போனாள், குழந்தையும் போயிற்று. அந்த அறை வாசலிலிருந்துதான் எடுத்தார்கள். பாடையில் கை வைக்கும்போது, புது வீட்டுப் பக்கமாக ஒருமுறை கொண்டுபோகலாமா என்று நைனா அத்தையைக் கேட்டார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சுடுகாடு மயிலாப்பூர்ப் பக்கமே இருந்தது. பாலம் தாண்டி அவ்வளவு தூரம் சுமக்க ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நைனா அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தார். புது வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலே அத்தையிடம் சொன்னார். அம்மாவை இங்கே வரவிடாமல் அங்கே வைத்திருந்ததற்கு வாடகை, மாதம் நான்கு ரூபாய், நான்கு மாதத்துக்குப் பதினாறு ரூபாய்.