பில்டருக்குள் கடல்

விம்கோ நகரில் எங்களுக்கு ஓர் அரிசி மண்டி இருந்தது. மண்டிக்கு ஒரு டீசல் பிக்கப் வண்டி. அதை ஓட்டியவர் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. மற்ற மாமாக்கள் மருமகன்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். என் மாமா என்னை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, இறக்குகிற இடத்தில் என்னையும் சேர்த்து மூட்டை எண்ணிக்காட்டுவார். நாலாங் கிளாஸ் படிக்கும்போது என் உடம்பும் ஏறக்குறைய அந்த வடிவத்தில்தான் இருந்தது. யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணுக்குப் பூ வைக்கக் கிளம்பினோம். பெண் வீடு ராயபுரம். போய்ப் பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் வாக்குக் கொடுத்தது போல. அதற்கப்புறம் பேச்சு மாற முடியாது. எங்கள் பக்கத்தில் இதற்கு மாப்பிள்ளை போகிற வழக்கம் கிடையாது. ஆனால் வண்டி ஓட்ட வேறு ஆள் இல்லை. "அவன் டிரைவராத்தான் வாரான், மாப்பிள்ளையா வரல" என்று அப்பா சாஸ்திரத்தைச் சரிக்கட்டிவிட்டார். அப்பா தெற்கத்திக்காரர். வடசென்னைக்கு வந்து எத்தனை வருஷம் ஆகியும், கோபம் வந்தால் பேச்சு மட்டும் ரயிலேறி ஊருக்குப் போய்விடும்.

முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் பாய் விரித்து அம்மாவும் நானும் தாம்பாளத் தட்டுகளும். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூ வைத்தாக வேண்டும். திருவொற்றியூர் தாண்டியதும் கடலோரச் சாலையில், வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில், வண்டிக்கு விக்கல் எடுத்தது. நாலைந்து தடவை விக்கிவிட்டு நின்றுபோனது.

மாமா இறங்கி பானெட்டைத் திறந்தார். "ஒண்ணியும் இல்ல மச்சான். டீசல் பில்டர் அடச்சிகினு கீது. மாத்திட்டா போய்னே இருக்கலாம்."

சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் புது பில்டர் ஒன்றை எடுத்தார். அந்த இடத்தில் இன்னும் பல அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாமே பில்டர்.

அம்மா பெருமையாக அப்பாவைப் பார்த்தாள். "எம்மாம் பொறுப்பு பாத்தியா எந்தம்பிக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். "வண்டிக்காரன் ஒரு பில்டர் வைப்பான். நீ என்னலே கடையே வச்சிருக்க?"

மாமா பட்டு வேட்டியையும் சட்டையையும் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே ஒரு டவுசர் இருந்தது என்றாலும், அதுவும் அழுக்காகக் கூடாது என்று காலி அரிசிக் கோணி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். லாரி டிரைவர்கள் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். "இன்னா மாமு, பேஷன் ஷோவா?" என்றார் ஒருவர். மாப்பிள்ளைக் கோலம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

பழைய பில்டர் அசையவில்லை. கையால் திருகினார், துணி சுற்றித் திருகினார். கடைசியில் அப்பாவின் இடுப்பைப் பார்த்தார்.

"மச்சான், பெல்ட்டக் குடு."

அப்பா அகலமான பச்சைப் பெல்ட் கட்டுகிறவர். அதுதான் அவர் வேட்டிக்கு ஆதாரம், மரியாதைக்கும். வேறு வழியில்லாமல் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நடுரோட்டில் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா பெல்ட்டை பில்டரில் சுற்றி இழுத்தார். அது கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

கழற்றும் முன் அடியிலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தவேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கி, அதுதான் முதலில் வரும். பூப்போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்றை நான் கீழே பிடித்தேன். சொட்டுச் சொட்டாகத் தொடங்கி நூலாக இறங்கியது. டீசல் இல்லை, தண்ணீர். டம்ளர் பாதி நிறைந்தும் தண்ணீர்.

"இவ்வளவு தண்ணி எப்படிலே வந்துச்சு?" என்றார் அப்பா.

"போன வாரம் மழ பேஞ்சிதுல்ல மச்சான். டேங்கு மூடி லூசு. மழத்தண்ணி பூந்துகிச்சி."

அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் மழைநீரைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது. மழைநீரில் உப்பு இருக்காது என்று டீச்சர் சொல்லியிருந்தார். படித்ததைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பரீட்சையில் ஒருநாளும் இருந்ததில்லை. அன்றைக்குப் பார்த்து வந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். அடுத்த இரண்டு நாள் எனக்கு வந்த ஏப்பத்தில் பஸ்ஸே ஓட்டியிருக்கலாம்.

"மழைத்தண்ணி உப்பா இருக்காது மாமா. இது கரிக்குது" என்றேன்.

அறிவியலுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் முகம் கோணிப்பை நிறத்துக்கு வந்திருந்தது. அப்பா வேட்டியிலிருந்து ஒரு கையை எடுத்து விரலை நனைத்துத் தானும் ருசி பார்த்தார். பிறகு அம்மா பார்த்தாள். நடுரோட்டில் என் குடும்பமே டீசல் தண்ணீரைத் தீர்த்தம் போல வாயில் வைத்தது. பேஷன் ஷோ கேட்ட டிரைவர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"கடத்தண்ணி" என்றாள் அம்மா. "மீன்புடி போட்டு டீசலா ஊத்துற?"

மாமா தலையாட்டினார்.

"எந்தப் போட்டுடா?"

"முகத்துவாரக்குப்பம்க்கா."

"மண்டிக்கு எதுத்தாப்புல பங்க் கீது. டீசலுக்கு அம்மாந்தொலவு இன்னாத்துக்குப் போன?"

மாமா பெல்ட்டைச் சுருட்டினார், விரித்தார். "டீசலுக்குப் போவலக்கா" என்றார்.

அம்மா வாயில் கையை வைத்தவள் எடுக்கவில்லை.

"போனா நேரமாயிடும். திரும்பி வரச்சொல்ல டேங்கு காலி. போட்டுக்காரர் பொண்ணுதான் கேன்ல கொண்டாந்து ஊத்தும். கேன் போட்டுலயே கெடக்குமா, அல அடிச்சிப் பூந்துரும்."

அந்தப் பெண்தான் இன்று என் மாமி. அவர் வைக்கும் மீன் குழம்பில் உப்பு எப்போதும் கச்சிதமாக இருக்கும்.

அப்பாவுக்கு அடிக்க வேண்டும் போல வந்தது, நன்றாகத் தெரிந்தது. கையை ஓங்கினால் வேட்டி போய்விடும். "ஏலே, ஏலே" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னாடா?" என்றாள் அம்மா.

"நீ ஆசையா பொண்ணு பாத்துட்டு வந்த. ராவெல்லாம் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலக்கா."

"இன்னிக்கிப் பூவ வெச்சிட்டு வந்திருந்தா?"

மாமா மறுபடியும் பில்டரைத் திருகத் தொடங்கினார். எனக்கு இந்தக் கலக்கம் எல்லாம் தண்ணீரால்தான் என்று பட்டது. ஆறுதல் சொன்னேன்: "டேங்கக் கழுவிட்டா உப்பு போயிடும்மா." அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டில் எது நிஜம் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா வேலையை முடித்தார். புது பில்டரில் டீசல் ஊற்றிப் பொருத்தி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை கைப்பம்பை அமுக்கினார். சாவியைத் திருகியதும் வண்டி இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. வேட்டி சட்டையை வாங்கிக்கொள்ளும்போது, "வூட்டுக்குத் திருப்பட்டாக்கா?" என்று கேட்டார்.

"ராயபுரம் வுடு" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு வூட்ல காத்துகினு கீறாங்க. சொல்லாம ஓடிப்போறதுக்கு நாம இன்னா திருடங்களா? நான் போய்ச் சொல்றேன்."

பெண் வீட்டு வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தது. அதை மிதிக்காமல் வண்டி நின்றது. அம்மா தட்டு எதையும் எடுக்காமல் வெறுங்கையோடு இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அப்பா கறை படிந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் தட்டுகளுக்குக் காவல். காவல்காரனுக்கு உரிய ஜிலேபியை எடுத்துக்கொண்டேன்.

மாடி சன்னலில் ஓர் அக்கா வந்து நின்றார். பச்சைப் பட்டு. தலையை அழகாக வாரி, பூ வைக்காமல் விட்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சிரித்து, விரல்களை மட்டும் ஆட்டினார். பூ எங்கே என்று கேட்பது போலத் தன் பின்னலைத் தொட்டுக் காட்டினார். நான் தட்டிலிருந்த மல்லிகைப் பந்தை இரண்டு கையாலும் தூக்கி உயர்த்திக் காட்டினேன். அவர் வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். மாமா ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்திருந்தார். எதிர்வெயில் கண்ணில் அடிக்கிறது போலும் என்று நினைத்து, வண்டியைக் கொஞ்சம் நிழலில் போடும்படி அவரிடம் சொன்னேன்.